இல்லாத நூலின் நாற்பத்தேழாம் பக்கம்

நூலகர் முனிரத்தினம் சார் நாற்காலியை விட்டு எழுந்து வந்தால் யாரோ பக்கத்தைக் கிழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்றபடி எழுந்திருக்க மாட்டார். அன்றைக்கு நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பியபோது எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். நான் எதையும் கிழிக்கவில்லை. ஆனாலும் கை தானாகப் பையை மூடிக்கொண்டது.

"ஸ்டெல்லா, ஒரு நிமிசம் நில்லுங்க. உங்ககிட்ட இருக்கிற அந்தப் புத்தகத்தை ஒரே ஒரு நாள் குடுங்க. பதிவு பண்ணி வெச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"எந்தப் புத்தகங்க சார்?"

"மலையடி மறைமொழிகள். புலவர் இன்னாசிமுத்து எழுதுனது."

"எங்கிட்ட இல்லீங்களே சார்."

"அப்ப மஞ்சுளாவுக்கு யார் குடுத்தாங்க? நேத்து வந்து ஆய்வேட்டைக் காமிச்சுது. நாற்பத்தேழாம் பக்கம்னு அடிக்குறிப்பு போட்டிருக்குது. எங்க கெடச்சுதுன்னு கேட்டா வாயைத் திறக்கலை. நீங்கதான் போன வருசம் அந்தப் புத்தகத்தைப் பத்தி எழுதியிருக்கீங்க. உங்களை விட்டா வேற யார்கிட்ட இருக்கும்?"

மஞ்சுளா, கல்லூரியில் எனக்கு ஓராண்டு பின்னால் எம்.ஏ. தமிழ் படித்த பெண். நல்ல பெண். ஆனால் அவள் அந்தப் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அதற்கு ஒன்றாம் பக்கமே கிடையாது. அட்டையும் கிடையாது. அப்படியொரு புத்தகம் இந்த உலகத்தில் எங்கும் இல்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். அதை இட்டுக்கட்டியவளே நான்தான்.

சுருக்கமாக முடியும் என்று நம்பியவள்

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. சரியான ஆண்டைச் சொன்னால் என் பட்டத்தை யாராவது எடுத்துப் பார்க்கக்கூடும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர் கடத்தூர்ப் பக்கம். அப்பா இன்னாசி, எங்கள் பேச்சில் கல்லக்கா எனப்படும் நிலக்கடலையும் சாமையும் போடுகிறவர். கோயில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாட்டைச் சரியாகப் பாடுவார். அவர் மகள் எம்.ஏ. படிக்கத் தருமபுரிக்குப் பஸ் ஏறுவது எங்கள் மாதாகோயில் பங்கில் ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் யாராவது ஒருவர், "ஸ்டெல்லா, இப்ப என்னா எழுதிட்டிருக்கே?" என்று கேட்பார். நானும் "ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லின் கனத்தில் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன்.

இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். வகுப்பில் எல்லோரும் காப்பியங்களை எடுத்துக்கொண்டார்கள். நான் விடுகதையை எடுத்தேன். காரணம் ஆராய்ச்சி ஆர்வம் அல்ல. ஒரு விடுகதை இரண்டு வரிதான் இருக்கும். இரண்டு வரியை ஆராய எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று கணக்குப் போட்டேன்.

என் வழிகாட்டியான பேராசிரியர் தலைப்பைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு சொன்னார்: "முன்னாய்வுகள்னு ஒரு இயல் வேணும்மா. இந்தத் துறையில இதுக்கு முன்ன வந்த நூல் குறைஞ்சது பத்து பார்த்திருக்கணும். ஆதாரம் இல்லாத ஆய்வு ஆய்வே இல்லை."

பத்து. அந்த எண் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே.

விடை கிழிந்த புத்தகம்

முதலில் தருமபுரி நூலகத்துக்குப் போனேன். வாசிப்பு அறை முழுக்க வேலைவாய்ப்பு விளம்பரம் பார்க்க வந்த ஆண்கள். நான் உள்ளே நுழைந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் பக்கத்தைப் புரட்டுவார்கள். அவர்களைத் தாண்டி, பட்டியல் அட்டைகள் இருக்கும் மரப்பெட்டிக்குப் போக வேண்டும். இழுப்பறையை இழுத்தால் அது முழுதாக வெளியே வந்து என் கையில் உட்கார்ந்துகொள்ளும். முதல் நாளே இரண்டு இழுப்பறைகளைக் கீழே போட்டு, கதைகளையும் கால்நடை வளர்ப்பையும் ஒன்றாகக் கலந்துவிட்டேன்.

முனிரத்தினம் சாருக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். குனிந்து அட்டைகளைப் பொறுக்கி, அகர வரிசையில் அடுக்கிவிட்டு, "உங்களுக்கு என்னா வேணும்னு எங்கிட்ட சொல்லுங்க. இனிமே நானே எடுத்துத் தர்றேன்" என்றார். அக்கறையில் சொன்னார் என்று அப்போது நினைத்தேன். அட்டைகளைக் காப்பாற்றச் சொல்லியிருக்கிறார் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அவர் உதவியால் நான்கு புத்தகங்கள் கிடைத்தன. பங்குச் சாமியாரின் பங்களாவில் ஓர் அலமாரி நிறைய நூல்கள் உண்டு என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். எல்லாம் இலத்தீன். மறுக்க வெட்கப்பட்டு ஒன்றை வாங்கி வந்து, ஒரு வாரம் வைத்திருந்து, "ரொம்ப நல்லாயிருந்துச்சுங்க சாமி" என்று திருப்பிக் கொடுத்தேன்.

ஒருநாள் தொப்பூர் கணவாயில் பஸ் ஊர்ந்து இறங்கிய பிறகு சேலம் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு நூலகத்தில், நான் தேடிப்போன விடுகதைத் தொகுப்பு அதிசயமாக அதன் இடத்திலேயே இருந்தது. ஆசையாக உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு விடுகதைக்குக் கீழும் 'விடை நூலின் இறுதியில்' என்று போட்டிருந்தது. நூலின் இறுதியை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் முப்பது விடுகதைகளுக்கு விடை தெரியாமல் பஸ் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு வந்தேன்.

இப்படியாக ஒன்பது சேர்ந்தது. பத்தாவது கிடைக்கவில்லை.

அப்பாவைப் புலவராக்கிய நாள்

தட்டச்சு நிலையத்தில் என் ஆய்வேட்டை அடித்துக்கொண்டிருந்த அக்கா, கார்பன் தாள்களை அடுக்கிவிட்டு, "பத்தாவது என்னாம்மா, சீக்கிரம் சொல்லு, எனக்கு வூட்டுக்குப் போவணும்" என்றார்.

ஒன்பதை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழிகாட்டி ஐயா கொஞ்சம் முகம் சுளித்திருப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. 'மலையடி மறைமொழிகள்' என்று வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது. பெயர் அழகாக இருந்ததால் நிறுத்த மனம் வரவில்லை.

ஆசிரியர் வேண்டுமே. அப்பா பெயர்தான் வாயில் வந்தது. பின்னால் ஒரு முத்துவையும் முன்னால் ஒரு புலவரையும் சேர்த்தேன். எந்தப் பதிப்பகம் என்று கேட்டபோது 'ஆசிரியர் வெளியீடு' என்றேன். பதிப்பகத்தின் பெயரைப் போட்டால் யாராவது எழுதிக் கேட்பார்கள் அல்லவா? படிப்பில் இல்லாத முன்யோசனை எல்லாம் தப்புச் செய்யும்போது எனக்கு வந்து நின்றது.

அதோடு விட்டேனா? ஒரு மதிப்புரை வேறு எழுதினேன். 'வகைப்பாடு குறைவு எனினும் முன்னோடி முயற்சி' என்று. பெற்ற அப்பாவை நானே புலவராக்கி, நானே குறையும் சொன்னேன்.

ஆய்வேடு தேறியது. பட்டம் வந்தது. தருமபுரியில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது. பிள்ளைகள் பரீட்சையில் பார்த்து எழுதினால் கடுமையாகக் கண்டிப்பேன்.

(சென்ற மாதம் மகளின் கைப்பேசியில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை என்று வந்தது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு பெருமூச்சு வந்தது.)

சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம்

வாசலில் நின்ற முனிரத்தினம் சாரிடம் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "விசாரிச்சுப் பாக்கறேங்க சார்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. பென்னாகரம் பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி, கேட்டுக் கேட்டு மஞ்சுளாவின் ஊருக்குப் போனேன். மூன்று மைல் நடை. ஓர் ஆசிரியை போலப் போய் நிற்க வேண்டும் என்று நல்ல சேலை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தேன். வெயிலில் இரண்டும் வீணாயின.

மஞ்சுளா மல்பெரித் தோட்டத்தில் தழை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள். எதற்கு வந்தேன் என்று அவள் கேட்கவில்லை.

"மஞ்சுளா, அந்த நாற்பத்தேழாம் பக்கம்..."

"படிச்சேங்கக்கா."

"அப்படி ஒரு புத்தகமே இல்லை. நான் சும்மா எழுதுனது. இன்னாசிங்கறது எங்கப்பா பேரு."

அவள் மறுபடி கூடையை எடுத்துக்கொண்டு ஒரு செடி நிறையக் கிள்ளி முடித்தாள். பிறகு சொன்னாள்: "தெரியுங்கக்கா."

"எப்படித் தெரியும்?"

"மூணு மாசம் தேடுனேன். முனிரத்தினம் சார் மூணு ஊரு நூலகத்துக்கு லெட்டர் போட்டார். சேலத்துக்கு நானே ரெண்டு தடவை போனேன். எங்கயுமே இல்லாத புத்தகத்தை நீங்க மட்டும் எப்படிப் பார்த்திருப்பீங்க? மொதல்ல அழுவையா வந்துச்சு. அப்புறம் நெனச்சேன், யாருமே பார்க்காத புத்தகம்னா நல்லதுதானே. நானும் அதுல எழுதிக்கலாமே."

மூன்று மாதம். ஓர் இழுப்பறையைக் கீழே போட்டால் அட்டைகளைப் பொறுக்கி அடுக்கிவிடலாம். இதை எப்படி அடுக்குவது? நானும் குனிந்து இரண்டு தழை கிள்ளினேன். "முத்தின தழைங்கக்கா அது, விட்டுடுங்க" என்றாள்.

"எத்தனை விடுகதையை அந்தப் புத்தகத்துல இருந்து எடுத்ததா எழுதியிருக்கே?"

"முப்பத்தொண்ணு."

"நெசமா எங்க கெடச்சுது?"

அவள் முகவாயால் புழுக் கொட்டகையைக் காட்டினாள். "எங்கம்மா சொல்றதுதான். ஆனா ஆதாரம் எங்கன்னு ஐயா கேப்பாரே. அம்மான்னா சொல்ல முடியும்? அம்மா சொல்றதெல்லாம் கன்னடத்துல. எங்க வூட்டுல கன்னடந்தான் பேசறோம்னு கிளாஸ்ல யாருக்கும் தெரியாது. தமிழ் எம்.ஏ. படிச்சுக்கிட்டு அதைப் போயி எப்படிங்கக்கா சொல்றது?"

அப்போது கொட்டகையின் சாக்குத் திரைக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் தமிழில் கேட்டது. "யாரு வந்திருக்கறது? உள்ள வரச் சொல்லு."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, திரைப் பக்கம் போனேன். அதே குரல், "பவுடர் போட்டிருக்கீங்களாங்க?" என்றது.

"ஆமாங்கம்மா."

"அப்ப அங்கயே நில்லுங்க. அந்த வாசனை புழுவுக்கு ஆவாது."

வாசனையில்லாத மனிதர்கள் மட்டும் போகக்கூடிய இடம். நான் வெயிலில் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஆயிரக்கணக்கான புழுக்கள் தழை தின்னும் சரசரப்பு. மஞ்சுளாவின் அம்மா கெம்பம்மாவை நான் முதலில் சந்தித்தது இப்படித்தான், முகம் பார்க்காமல்.

"நீங்க பேசுனது கேட்டுச்சு. யாருங்க அந்த இன்னாசி?"

"எங்கப்பாங்க."

"நான் சொன்னதை அவரு எழுதிட்டாருங்களா?"

"இல்லீங்கம்மா. அவருக்கு எழுதத் தெரியாது."

உள்ளே தட்டு வைக்கும் சத்தம் நின்றது. பிறகு மகளிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் புரியாது என்பதால் அதையே தமிழிலும் சொன்னார்.

"பச்சையைத் தின்னும், மஞ்சளைத் துப்பும், வூடு கட்டி முடிச்சா வெந்நியில சாவும். இது என்னாங்க சொல்லுங்க?"

"பட்டுப்புழுங்க."

"இந்த ஊருக்குப் பட்டுப்புழு வந்தே பத்து வருசந்தான் ஆவுது. இது நானே தழை போட்டுக்கிட்டே கட்டுனது. அது எப்படிங்க ஒரு பழைய புத்தகத்துல இருக்கும்?"

ஐந்து ஆண்டுகள் கல்லூரியில் படித்த எனக்கும், ஆய்வேடு எழுதிய மஞ்சுளாவுக்கும் இது தோன்றவே இல்லை.

"எம்பேரு போடாட்டிப் போவுது" என்றார் கெம்பம்மா. "ஊரு பேரு தெரியாத ஒரு ஆம்பளை பேரை எதுக்குப் போடறே மஞ்சுளா?"

மஞ்சுளா வீட்டுக்குள் போய் ஆய்வேட்டின் கைப்பிரதியை எடுத்து வந்தாள். வேப்பமர நிழலில் உட்கார்ந்து முப்பத்தொரு அடிக்குறிப்புகளை அடித்து நீக்கினோம். ஒவ்வொன்றிலும் 'தகவலாளர்: கெம்பம்மா' என்று எழுதினாள். இரண்டு தழைத் தீனிக்கு நடுவே வெளியே வந்த கெம்பம்மா எட்டிப் பார்த்தார். மெலிந்த, நல்ல உயரமான பெண்மணி. "ரேஷன் கார்டுல கெம்மம்மான்னு இருக்குது. எது வசதியோ அதைப் போட்டுக்கோ" என்றார்.

அவர் உள்ளே போனதும் மஞ்சுளா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "பேரு மட்டும் இருக்கட்டுங்கக்கா. அம்மான்னு போட வேண்டாம்."

நான் சரி என்றேன். வேறு எதையும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

மூன்று கடிதங்கள்

திங்கட்கிழமை நூலகம் திறந்ததும் முனிரத்தினம் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இழுப்பறையைத் திறந்து, வெளியூர் நூலகங்களுக்குத் தான் அனுப்பிய கடிதங்களின் நகல்களை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நம்ம மாவட்டத்தைப் பத்தி ஒரு புத்தகம் வந்து, அது எங்கிட்ட இல்லாம போச்சேன்னு ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்லீங்க" என்றார். "மூணு பேருக்கும் பதில் போடணும். நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். 'மேற்படி நூல் இல்லை எனத் தெரியவந்துள்ளது' என்று மூன்று முறை. இரண்டாவது கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்ததால் அதைத் திரும்ப எழுத வைத்தார்.

வாய்மொழித் தேர்வு

மஞ்சுளாவின் வாய்மொழித் தேர்வுக்கு நான் போயிருந்தேன். துறை அறையில் பத்துப் பதினைந்து பேர் உட்காரலாம். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். வெளியூரிலிருந்து புறத்தேர்வாளர் வந்திருந்தார். என் ஆய்வேட்டைத் திருத்தியவரும் அவர்தான். மஞ்சுளாவின் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

"முன்னாய்வு இயல்ல ஒரு முக்கியமான நூல் விடுபட்டிருக்கே. புலவர் இன்னாசிமுத்துவோட மலையடி மறைமொழிகள். நான் பார்த்திருக்கேன். வகைப்பாடு குறைவுதான், ஆனாலும் முன்னோடி முயற்சி. அதை நீங்க பார்க்கலையா?"

என் வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னார். மஞ்சுளாவுக்கு மூன்று வழிதான் இருந்தது. அப்படி ஒரு நூலே இல்லை என்றால் தேர்வாளரைப் பொய்யர் என்று சொன்னதாகும். பார்க்கவில்லை என்றால் மதிப்பெண் போய்விடும். பார்த்தேன் என்றால் மறுபடி அதே குழி. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

முடிவு செய்துகொண்டெல்லாம் நான் எழுந்திருக்கவில்லை. பெஞ்சு கிறீச்சிட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தப் புத்தகமே இல்லீங்க ஐயா. பத்து கணக்குக் காட்டறதுக்காக நான் பொய்யா எழுதுனது. இன்னாசிங்கறது எங்கப்பா. கடத்தூர்ப் பக்கம் கல்லக்கா போட்டிருக்காரு."

அதன் பிறகு எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி ஐயா இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. என் பட்டத்தைப் பிடுங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் திரும்பத் தட்டச்சு செய்து, ஐந்து படிகளிலும் நானே ஒட்ட வேண்டும் என்றார். ஒட்டினேன். இப்போதும் அந்த ஆய்வேட்டைத் திறந்தால் அந்தப் பக்கம் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும் என்று கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் தோழி சொல்கிறாள். கடத்தூரில் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "புலவர்னு போட்டியே, சரி. வகைப்பாடுன்னா என்னா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நான் சொல்லி முடித்ததும் தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வேற ஒரு நூலை நெனச்சுட்டேன்" என்றார். பாவம், எனக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மஞ்சுளா பக்கம் திரும்பினார். பக்கங்களைப் புரட்டினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இதுல முப்பத்தோரு இடத்துல ஒரே தகவலாளர் பேர் வருது. நல்ல நல்ல விடுகதையா இருக்கு. யாரும்மா இந்தக் கெம்பம்மா?"

மஞ்சுளா வகுப்புத் தோழிகளைப் பார்த்தாள். வழிகாட்டி ஐயாவைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

"எங்கம்மாங்க ஐயா" என்றாள். "கன்னடத்துல சொல்லுவாங்க. நான்தான் தமிழ்ல எழுதுனேன்."